விளக்குப் பேட்டரிக்கு ஊற்றுத் தண்ணீர்

"பேட்டரின்னா என்னங்க ஆட்டுக்குட்டியா, தழை ஒடிச்சுப் போட்டுக் காப்பாத்தறதுக்கு? மலையிலிருந்து எறங்குன புள்ளைக்கு இதெல்லாம் ஆவற காரியங்களா தொரை?"

துரையின் டிரைவர் இதைச் சொன்னபோது நான் அவருக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார். யார் சிரித்தாலும் கூடச் சிரிப்பது அப்பாவின் வழக்கம். அன்றைக்கு எனக்கு டிரைவர் மீது வந்த கோபத்தைவிட அந்தச் சிரிப்பின் மீது வந்த கோபம்தான் பெரிது.

துரை செடிகொடிகளை ஆராய்கிற வெள்ளைக்காரர். கொல்லிமலை மூலிகைகளுக்காகப் பல வருஷம் காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். அவர் வரும் வண்டி ஒரு லாரி அளவு இருக்கும். உள்ளே கட்டில், அலமாரி, எழுதும் மேஜை, கூரையில் இரண்டு மின்சார விளக்கு. வீடு மாதிரி இருந்ததால் ஊரார் அதை ஊட்டு வண்டி என்பார்கள். வண்டியால் மலை ஏற முடியாது. அதற்குப் பாதை கிடையாது. அடிவாரத்தில் ஒரு கொட்டகை போட்டு நிறுத்திவிட்டு, துரை நடந்து மலையேறுவார். மலைமேல் எங்கள் குண்டனி நாட்டிலிருந்து அவருக்கு மூட்டை சுமந்தவர் என் அப்பா. அப்படித்தான் அப்பாவுக்குக் கொட்டகைக் காவல் வேலை கிடைத்தது. கொட்டகையை ஒட்டி ஒரு அறையும் கிடைத்தது. அந்த அறையிலிருந்து நான் தினமும் சேந்தமங்கலத்துப் பள்ளிக்கு நடந்து போய்ப் படித்தேன். அம்மா நான் நடக்கும் வயதிலேயே இறந்துபோய்விட்டாள். எங்கள் வம்சத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. துரைக்குப் பெங்களூரில் ஏதோ யுத்த உத்தியோகம். வண்டியை எத்தனை காலம் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. "டயர் கெட்டால் வேறு வாங்கலாம். பேட்டரிகள் இரண்டும் யுத்தம் முடியும்வரை கிடைக்காது. அவை சாகக் கூடாது" என்று அவருடைய ஓட்டைத் தமிழில் சொன்னார். ஒரு பேட்டரி எஞ்சினைக் கிளப்புவதற்கு. மற்றது, ஆறு அறை கொண்ட பெரிய பேட்டரி, வண்டியின் வீட்டு விளக்குகளுக்கு. என்னென்ன செய்ய வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு தாள் எழுதி வைத்திருந்தார். அதை யார் படிப்பது என்று பேச்சு வந்தபோதுதான், என் மகள் படிப்பாள் என்று அப்பா சொன்னார். டிரைவர் ஆட்டுக்குட்டி என்றார்.

நான் தாளை வாங்கி முதல் பத்தியை உரக்கப் படித்தேன். டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. துரை தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

பேட்டரி சும்மா இருந்தால் கெடாது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சும்மா இருப்பதால்தான் அது கெடும். விளக்கு எரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் பலம் நாளுக்கு நாள் தேயும். தேய்ந்தபடியே விட்டுவிட்டால் தகடுகளில் வெள்ளையாகப் படிந்து இறுகிவிடும். பிறகு என்ன செய்தாலும் மீளாது. அதனால் முதலில் ஒயர்களைக் கழற்றினோம். பேட்டரிகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்தோம். முனைகளில் பூத்த பச்சையைச் சோடா உப்புத் தண்ணீரால் துடைத்து வாஸலீன் தடவினோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூடிகளைத் திருகித் திறந்து, தகடுகளுக்கு மேல் திராவகம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே விடலாம். ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழலால் திராவகத்தை உறிஞ்சினால் உள்ளே ஒரு மிதவை எழும்பும். அது உயரமாக நின்றால் பேட்டரிக்குப் பலம் இருக்கிறது. அமிழ்ந்தால் இல்லை. மாதம் ஒருமுறை சேந்தமங்கலத்து அரிசி மில்லுக்குக் கொண்டுபோய், அங்கே எஞ்சினோடு ஓடும் டைனமோவில் மாட்டி மறுபடி பலம் ஏற்ற வேண்டும்.

அப்பா அந்த மூடிகளை வாய் என்பார். "ஆறு வாயி இருக்குது, ஒரு வார்த்த பேச மாட்டேங்குது பாரு கண்ணு" என்பார்.

மில்லுக்குப் பேட்டரியைக் கொண்டுபோக வண்டி பிடித்துத் தரவேண்டியது டிரைவருடைய பொறுப்பு. அவர் பிடித்துத் தரவில்லை. "மலைக்காரன் தலைக்கு இதெல்லாம் ஒரு பாரமா? மொளகு மூட்டையே தூக்குனவன்தானய்யா நீ?" என்றார். அப்பா சும்மாடு கட்டித் தலையில் தூக்கினார். போகவர எவ்வளவு நிதானமாக நடந்தாலும் மூடியின் ஓட்டை வழியாகத் துளித்துளியாகத் திராவகம் கசியும். மூன்றாவது மாதம் அப்பாவின் பிடரியில் முடி இல்லை. துண்டைப் பிரித்தால் சல்லடை மாதிரி இருந்தது. காவல் வேலையை டிரைவர் தன் மச்சானுக்கு வாங்கித் தரப் பார்க்கிறார் என்று மில்லில் இருந்தவர்கள் சொன்னார்கள். அப்பாவாகவே வேலையை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது அவர் திட்டம். அப்பா ஓடவில்லை. ஓடினால் அறை போகும். அறை போனால் என் படிப்பு போகும். மலையில் மாமன் வீட்டார் எனக்குப் பரிசம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பரீட்சை வரைக்கும் பேட்டரி சாகாமல் இருந்தால் போதும் என்பதுதான் எங்கள் இருவருடைய கணக்கும்.

துரை வைத்துவிட்டுப் போன காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் இருந்தது. மாசி மாதம் ஒருநாள் டிரைவர் வந்தார். ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஊறுகா போடறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது" என்றார்.

"உள்ள தண்ணி இருக்குதுங்க. பேட்டரிக்கு வேணும்" என்றேன்.

"தண்ணிதான புள்ள, ஊர்ல இல்லாத தண்ணியா?" என்று வாசலிலேயே கவிழ்த்துக் கொட்டினார். ஜாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மழைத் தண்ணீரைப் பிடித்து விடலாம் என்று துரையின் தாளில் ஒரு வரி இருந்தது. மாசியில் மழைக்கு எங்கே போவது? பள்ளியில் விஞ்ஞானப் பாடத்தில் டீச்சர் காட்டியது ஞாபகம் வந்தது. பானையில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல் வைத்து, அதன்மேல் ஒரு பீங்கான் கிண்ணம் வைத்தேன். பானை வாயை வட்டமான அடி கொண்ட பீங்கான் கும்பாவால் மூடி, கும்பாவுக்குள் குளிர்ந்த தண்ணீர் விட்டேன். அடுப்பை மெதுவாக எரித்தால் ஆவி கும்பாவின் அடியில் பட்டுத் துளியாகிக் கிண்ணத்தில் சொட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எரித்ததில் ஒரு டம்ளர் கிடைத்தது. அந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட கர்வத்தை இன்றைக்கும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அப்பா அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, இது சட்டியோட வேர்வ இல்லியா?"

"ஆமா."

"வேர்வயவா குடிக்கக் குடுக்கற? காச்சிக் காச்சி உசிரு போன தண்ணி. இதக் குடிச்சா அது எப்படிப் பொழைக்கும்?"

"உங்களுக்குச் சொன்னாப் புரியாதுப்பா" என்றேன். சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். ஊற்றுத் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் இரும்பும் உப்பும் கரைந்திருக்கும், அவை தகட்டைத் தின்றுவிடும், அதனால்தான் ஆவியாக்கிப் பிடிக்கிறோம் என்று நாலு வாக்கியத்தில் முடிந்திருக்கும். படிக்காதவரிடம் அந்த நாலு வாக்கியத்தைச் செலவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பங்குனி பிறந்தது. பரீட்சைக்கு நான் ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்தேன். வெயிலில் பேட்டரிகளில் தண்ணீர் வேகமாக வற்றியது. அந்தச் சனிக்கிழமை டீச்சர் எங்களைப் பள்ளியிலேயே தங்கவைத்துப் பாடம் நடத்தினார். ஞாயிறு சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அப்பா பட்டினியோடு உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. மலைக்குப் போய்வந்தேன் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பேட்டரிகளைத் திறந்து பார்த்தேன். விளக்குப் பேட்டரியின் ஆறு அறையிலும் தகடு மறையத் திராவகம் நின்றது. பரவாயில்லை, வற்றவில்லை என்று மூடிவிட்டேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அதன் பிறகும் மூன்று வாரம் கேட்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில் மிதவை இறங்கிக்கொண்டே வந்தது. மில்லுக்குக் கொண்டுபோய்ப் பலம் ஏற்றினால் ஐந்து நாள்கூட நிற்கவில்லை. மில் மெக்கானிக் திராவகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னத்தம்மா ஊத்துனீங்க? இரும்புத் தண்ணி கலந்த மாதிரி இருக்குது. இனி இது தேறாது" என்றார்.

திரும்பும் வழியில், தலையில் பேட்டரியோடு முன்னால் நடந்த அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, நீங்க இதத் தொட்டீங்களா?"

அவர் நிற்கவில்லை. பெருமையோடு சொன்னார். எங்கள் நாட்டில் சாமிக்குத் திருமஞ்சனம் செய்ய ஒரு ஊற்று உண்டு. நோன்பிருந்து, செருப்பில்லாமல், யாரோடும் பேசாமல், வழியில் தரையில் வைக்காமல் மூங்கில் குழாயில் கொண்டுவர வேண்டும். மூலிகை வேர்களையும் சிவந்த பாறையையும் தழுவி வருகிற தண்ணீர். சாகக் கிடந்தவர்கள் அதைக் குடித்து எழுந்ததாகச் சொல்வார்கள். அப்பா அப்படியே கொண்டுவந்திருந்தார். சாமிக்குக் கொண்டுவரும் தண்ணீர், விளக்குதான் சாமிக்கு உரியது என்பதால் முதலில் விளக்குப் பேட்டரிக்கு ஊற்றினாராம். ஆறு வாய்க்கும். மற்ற பேட்டரிக்குத் தண்ணீர் போதவில்லை.

"சும்மா உசிரோட துள்ளற தண்ணி கண்ணு. உன்ற பரிச்ச முடியற வரைக்கும் தாங்கோணுமில்ல?"

நான் ரோட்டில் நின்றேன். "என்னப் பெத்ததத் தவிர நீங்க உருப்படியா ஒரு காரியமும் செஞ்சதில்லப்பா" என்றேன்.

அப்பா பாரத்தோடு திரும்ப முடியாமல் முன்னே பார்த்தபடியே சிரித்தார். "அது ஒண்ணு போதுமே சாமி."

மில்லிலிருந்து செய்தி டிரைவருக்குப் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே வந்தார். நேரே பேட்டரியிடம் போனார். கண்ணாடிக் குழலை உள்ளே விட்டுத் திராவகத்தை உறிஞ்சினார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, கோயில் பூசாரி குரலில், "தீர்த்தம், தீர்த்தம்! கைய நீட்டுய்யா" என்றார்.

அப்பா நீட்டிவிட்டார். யோசித்து நீட்டவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் எங்கள் ஆட்களுக்கு வலது கை தானாகக் குழியும், இடது கை கீழே தாங்கும். டிரைவர் குமிழை அழுத்தினார். உள்ளங்கை நிறையத் திராவகம். சிரித்த முகத்தோடு அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தூக்கினார்.

நான் அந்தக் கையை அடித்துத் தள்ளினேன். ஓங்கி அடித்தேன். திராவகம் சுவரில் போய் விழுந்தது. அப்பாவை நான் அடித்தது அது ஒரு தடவைதான். காப்பாற்றுவதற்காக அடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அடித்தபோது கையில் இருந்தது அந்த எண்ணம் மட்டுமல்ல.

"அடடே, மகளே அப்பனுக்குப் பூச போடறாளே!" என்று டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது சொன்னார்: "நாளான்னைக்கு நாமக்கல் போறேன். அங்க ரைட்டர் ஒருத்தரு இருக்காரு. அப்பனும் மகளும் சேந்து பேட்டரியக் கொன்னுட்டாங்கன்னு தொரைக்கு இங்கிலீசுல எழுதச் சொல்லப் போறேன். மூட்ட கட்டி வையுங்க."

பரீட்சைக்கு இன்னும் முப்பது நாள்கூட இல்லை. அப்பா சாம்பலில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளங்கை வெடிப்புகளில் திராவகம் இறங்கிவிட்டது, எரிந்திருக்கும். நான் உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்தேன்.

துரைக்கு நான் எழுதிய முதல் இங்கிலீஷ் கடிதம் அது. எஞ்சின் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது என்றும், மிதவை எங்கே நிற்கிறது என்றும் முதல் இரண்டு வரியில் எழுதினேன். மூன்றாவது வரியில், காவலாளியான என் தகப்பனார், அவர் பெயர் இன்னது, படிப்பில்லாதவர், என் சொல்லை மீறி விளக்குப் பேட்டரியில் மலைத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிட்டார் என்று எழுதினேன். ஜாடியைப் பற்றி எழுதவில்லை. உள்ளங்கையைப் பற்றியும் எழுதவில்லை. இரண்டு பேர் மீது புகார் சொன்னால் நான் புகார் சொல்கிற பெண். ஒருவர் மீது, அதுவும் சொந்த அப்பா மீது சொன்னால், உண்மை சொல்கிற பெண். இதை அன்றைக்கே, அந்த வயதிலேயே, தெளிவாக யோசித்துத்தான் எழுதினேன். அந்தக் கடிதத்தில் "என் சொல்லை மீறி" என்பது மட்டும்தான் பொய். ஊற்றாதே என்று நான் அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

சேந்தமங்கலம் தபாலாபீசுக்கு அப்பாவே கொண்டுபோகிறேன் என்றார். கை எரிச்சலோடு அதை வாங்கினார்.

"என்ன கண்ணு எழுதிருக்கற?"

"பேட்டரி சேதி."

"என்ற பேரு போட்டிருக்கறயா?"

"போட்டிருக்கேன்."

"இங்கிலீசுலயா?"

"இங்கிலீசுலதான்."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எந்த இடத்தில் என்று கேட்டு உறையின் மேலிருந்தே விரலால் தடவினார். துண்டில் மடித்துக்கொண்டு புறப்பட்டார். வழியில் வெற்றிலைக் கடையில்கூட உட்காரவில்லையாம், கீழே வைத்துவிட்டால் அழுக்காகிவிடும் என்று.

பத்துப் பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. உறையின் மேல் என் பெயர். என் பெயருக்கு வந்த முதல் தபால். நேர்மையாக எழுதியதற்கு நன்றி என்று ஆரம்பித்திருந்தார் துரை. சொன்னதைக் கேட்காத ஆளை வைத்துக்கொள்ள முடியாது, உன் தகப்பனார் மலைக்குப் போகலாம். நீ அந்த அறையிலேயே இருந்து படி. பக்கத்து வீட்டு அம்மாள் துணைக்குப் படுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். பேட்டரி விஷயத்தில் டிரைவர் நீ சொல்கிறபடி நடக்க வேண்டும். அவருக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

அப்பாவிடம் பாதியைச் சொன்னேன். "தொரை உங்கள மலைக்குப் போகச் சொல்லிட்டாருப்பா. நான் இருக்கணுமாம்."

"ஏங்கண்ணு?"

"தண்ணி ஊத்துனது தெரிஞ்சு போச்சு."

அப்பா பலகை மேலிருந்த பேட்டரியைப் பார்த்தார். "டைவரு எழுதிப் போட்டுட்டாராக்கும். எழுதட்டும், எழுதட்டும். உன்ன இருக்கச் சொல்லிட்டாரில்ல, அது போதும்."

அவருடைய இரண்டு வேட்டியையும் அந்தச் சல்லடைத் துண்டையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன். டிரைவரைப் பார்த்து, "ஏனுங்க, புள்ளயப் பாத்துக்குங்க. தாயில்லாத புள்ள" என்று கும்பிட்டுவிட்டு அப்பா மலைப்பாதையில் ஏறினார்.

டிரைவருக்கு விஷயம் தெரியும். அவர் நாமக்கல் போகவே இல்லை, ரைட்டரைப் பார்க்கவும் இல்லை. துரை அவருக்கு எழுதியதை யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். அப்பாவின் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக நேரே என்னைப் பார்த்துப் பேசினார்.

"நான் எழுதிருந்தா ரெண்டு பேரையும் சேத்து எழுதிருப்பேன் புள்ள. அப்பன மட்டும் எழுத எனக்குக் கை வந்திருக்காது."

அவர் வாயிலிருந்து வந்ததாலேயே அது பொய் என்று ஆகிவிடாது. "நாளைக்கி மில்லுக்கு மாட்டு வண்டி வேணும். தலையில தூக்க இங்க ஆளில்ல" என்றேன். மறுநாள் வண்டி வந்தது. ஜாடியும் திரும்பி வந்தது, ஊறுகாய் வாடையோடு.

பரீட்சையில் தேறினேன். யுத்தம் முடிந்து துரை வந்த அன்று எஞ்சின் பேட்டரியை மாட்டினேன். முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்தது. டிரைவர்தான் முதலில் கை தட்டினார். வீட்டு விளக்குகள் எரியவில்லை. விளக்குப் பேட்டரிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. துரை சேலத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு எனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். அதில் நேர்மை என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. அதைக் காட்டித்தான் இடம் வாங்கினேன். இப்போது பயிற்சி முடியப் போகிறது.

விடுமுறைக்கு மலைக்குப் போகும்போதெல்லாம் அப்பா ஒரே கேள்விதான் கேட்பார்: "ஊட்டு வண்டியில வௌக்கு எரியுதா கண்ணு?" இரண்டு முறை எரிகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

போன வருஷ விடுமுறையில் எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்றேன். வெட்கப்பட்டார், பிறகு உட்கார்ந்தார். நன்றாக வருகிறது அவருக்கு. உள்ளங்கை மடங்காததால் பென்சிலைப் பிடிக்கத்தான் சிரமப்படுகிறார். படிப்பதில் சிரமமில்லை. நானே ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் பாடம் எழுதித் தந்திருக்கிறேன், முதல் பக்கத்தில் அகரத்திலிருந்து. இந்த முறை போனபோது தன் பெயரைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ஊரையெல்லாம் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், நான் துரைக்கு எழுதிய கடிதத்தைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. மூன்றாவது வரியில் அவர் பெயர் இருக்கிறது. நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டு முந்தாநாள் மலை இறங்கிவிட்டேன்.